தொண்ணூற்றைந்துக்குக் கீழே

எங்கள் வீட்டில் அந்தச் சித்திரை மாதம் முழுக்க ஒரே ஓர் எண்ணைப் பற்றித்தான் பேச்சு. நூல் விலையை மறந்தோம், கரண்ட் போவதையும் வருவதையும் மறந்தோம். என் மனைவி தனப்பிரியாவின் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பிராசஸர் இன்றைக்கு எத்தனை டிகிரி சூடாகிறது என்பதுதான் காலைக் காப்பியில் தொடங்கி மதியச் சோறு வரைக்கும் ஓடியது. கல்யாணத்துக்கு முன்பு எனக்கு டிகிரி என்றால் காய்ச்சல் மட்டும்தான் தெரியும்.

நான் கௌசிக். பள்ளிபாளையத்தில் எங்களுக்கு எட்டு விசைத்தறி. ஷெட் என் அப்பா அர்த்தநாரி பெயரில், பாடு என் பெயரில். ஜவுளிக்காரர் தறியில் ஏற்றுகிற பாவு நூலைக் கொடுப்பார், நாங்கள் லுங்கி நெய்து கொடுத்துக் கூலி வாங்குவோம். தனப்பிரியா வாழப்பாடிக்காரி, சேலத்தில் அனிமேஷன் படித்தவள். நாங்கள் ஊடு என்றால் வீடு என்று திருத்துவாள். கட்டி முடிக்காத கட்டடம் நாளைக்கு எப்படி இருக்கும் என்று இன்றைக்கே படமாகக் காட்டுவது அவள் தொழில். அவள் பட்டனைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவாள். அப்புறம் கம்ப்யூட்டர்தான் மணிக்கணக்கில் மாரடித்து அந்தப் படத்தை முடிக்க வேண்டும்.

அவள் வேலை செய்வது ஷெட்டை ஒட்டிய சின்ன அறையில். முன்பு நூல் மூட்டை அடுக்கிய இடம். எங்கள் வீட்டில் மேஜை போட வேறு மூலை கிடையாது. தைப்பொங்கல் கழிந்த கையோடு அப்பா ஒரு விஷயம் சொன்னார்: புதுசாக இரண்டு தறிக்குச் சொல்லியாயிற்று, சித்திரை முடிந்ததும் வந்து இறங்கும், போடுவதற்கு அந்த அறையை விட்டால் இடமில்லை. மருமகளுக்கு மாதச் சம்பளத்தில் நிலையான வேலை ஏதாவது அமைந்துவிட்டால் மறுபடி யோசிக்கலாம். அவர் குரலை உயர்த்திச் சொல்லவில்லை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை, அதனால்தான் எனக்கு அவரைக் கண்டால் பயம்.

தனப்பிரியா அன்றிலிருந்து வேலை தேடினாள். கோயமுத்தூரில் ஒரு கம்பெனி வீட்டிலிருந்தே வேலை தருவதாகச் சொன்னது. படம் வரைந்து காட்டும் பரீட்சையில் முதல் ஆளாகத் தேறினாள். மிச்சம் இருந்தது அவளுக்கான பரீட்சை இல்லை, அவள் மெஷினுக்கான பரீட்சை. அந்தக் கம்பெனியில் மைதிலி என்கிற மேடம் இதற்குப் பொறுப்பு. அவர் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: நாங்கள் அனுப்பும் புரோகிராம் காலை பத்து மணியிலிருந்து மாலை நாலு மணி வரை உங்கள் பிராசஸரை முழு வேகத்தில் ஓட்டும், இங்கிருந்து நான் பார்த்துக்கொண்டே இருப்பேன், நடுவில் மெஷின் நிற்கக் கூடாது, சூடு ஒரு தடவைகூட தொண்ணூற்றைந்தைத் தொடக் கூடாது, தொட்டால் விண்ணப்பம் முடிந்தது, அடுத்த வாய்ப்பு தீபாவளிக்குப் பிறகு. தீபாவளிக்குள் அந்த அறையில் புதுத் தறி எத்தனை லுங்கி நெய்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

எங்கள் மெஷினோ அந்தச் சமயத்தில் இருபது நிமிஷம் முழு வேகத்தில் ஓடினாலே பொட்டென்று அணைந்து கொண்டிருந்தது. பிராசஸர் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள அப்படி அணைகிறதாம். திறந்து பார்த்தால் மெஷினோடு சேர்ந்து வந்த குட்டிக் காற்றாடியும் அதன் அடியில் இருந்த அலுமினியத் தகடுகளும் பஞ்சு அப்பிக் கிடந்தன. தறி ஓடுகிற ஊரில் பஞ்சு புகாத இடம் கிடையாது, சோற்றில்கூட இருக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்து ஓட்டினாள். பத்து நிமிஷத்தில் தொண்ணூற்றேழு. அந்தக் குட்டிக் காற்றாடி இந்த ஊர் வெயிலுக்குத் தாங்காது, பிராசஸர் மேல் மாட்ட வேறு கூலர் வாங்கியே ஆக வேண்டும் என்றாள்.

பாலத்தைத் தாண்டி ஈரோட்டுக்குப் போனோம். போவதற்கு முன் துணி அளக்கிற என் டேப்பை எடுத்து கேபினெட்டின் உள் அகலத்தை அளந்து கையில் எழுதிக்கொண்டாள். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் ஆள் கிடைத்தது என்று முடிவு கட்டிவிட்டார். தண்ணீரில் ஓடும் கூலர் ஒன்றை மேஜையில் வைத்து ஸ்விட்சைத் தட்டினார். மூன்று காற்றாடி, ஏழு கலர் லைட், மாரியம்மன் கோயில் பண்டிகை தோற்றது. எனக்கு அதைப் பார்த்ததும் பிடித்துவிட்டது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

"அண்ணா, லைட் எரிஞ்சா சூடு குறையுமா?" என்று தனப்பிரியா கேட்டாள்.

அது அழகுக்கு என்று கடைக்காரர் இறங்கி வந்தார். அப்புறம் அவள் கேட்ட கேள்விகளில் மனிதருக்கு முகம் வியர்த்துவிட்டது. தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப் நின்றுபோனால் என்ன ஆகும், பஞ்சு அடைத்தால் அந்தத் தகட்டை எப்படிக் கழுவுவது, எங்கள் பிராசஸர் கக்கும் சூட்டுக்கு இத்தனை பெரிசு எதற்கு. கடைசியில் அவள் எடுத்தது லைட்டே இல்லாத ஒரு காற்றுக் கூலர். நிமிர்ந்து நிற்கும் தகட்டு அடுக்கு, அதற்குள் ஓடும் நாலு செப்புக் குழாய், பக்கவாட்டில் ஒரே ஒரு பெரிய காற்றாடி. செப்புக் குழாய் பிராசஸரின் சூட்டைத் தகட்டுக்கு ஏற்றும், காற்றாடி அதை வெளியே தள்ளும், கெட்டுப்போக அதில் காற்றாடியைத் தவிர வேறு எதுவும் இல்லை என்றாள். கூலரின் உயரம் கேபினெட்டின் உள் அகலத்துக்குள் அடங்குமா என்று கையில் எழுதியதைப் பார்த்தாள், அவள் போர்டுக்கு ஏற்ற கிளிப் பெட்டிக்குள் இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தாள். தண்ணீர்க் கூலரின் விலையில் கால்வாசிகூட ஆகவில்லை. கடைக்காரர் பில்லை ஏதோ நன்கொடை ரசீது போல நீட்டினார்.

வீட்டுக்கு வந்து மாட்டும்போது நான் உதவுகிறேன் என்று போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே ஒரு சாம்பல் நிறப் பசை வைக்க வேண்டும். நான் டியூபைப் பிதுக்கப் போக, என் கையில் ஒரு தட்டு விழுந்தது. பட்டாணி அளவுதான் வைக்க வேண்டுமாம், கூடினால் அதுவே சூட்டை மறிக்குமாம். மாட்டி முடித்து, காற்று தாராளமாகப் போகட்டும் என்று கேபினெட்டின் பக்கத்து மூடியைக் கழற்றியே வைத்துவிட்டு, முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினாள். எழுபத்து நாலு. அதற்கு மேல் ஏறவே இல்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்த்ததில்லை.

அந்தச் சிரிப்பு இரண்டு வாரம் தாங்கவில்லை. எழுபத்து நாலு எழுபத்தெட்டு ஆனது, அப்புறம் எண்பத்திரண்டு, அப்புறம் எண்பத்தாறு. வெயில் ஏறுகிறது, அதனால்தான் என்றேன். வெயில் நாலு டிகிரி ஏறினால் இதுவும் நாலு டிகிரிதான் ஏற வேண்டும், பன்னிரண்டு ஏன் ஏறுகிறது என்று கேட்டாள். பரீட்சைக்கு மைதிலி மேடம் சனிக்கிழமையைக் குறித்துக் கொடுத்துவிட்டார். அந்தச் சனிக்கிழமை எங்கள் ஷெட்டுக்கும் கண்டமான நாள். ஓடிக்கொண்டிருந்த பாவு நூலை நெய்து முடித்து, அறுத்து மடித்த துணியைச் சாயங்காலம் டெம்போவில் ஏற்ற வேண்டும். இதற்கு முன் இரண்டு தடவை தாமதம் செய்திருந்தோம். மூன்றாவது தடவையும் தாமதமானால் அடுத்த பாவு வேறு ஷெட்டுக்குப் போகும் என்று ஜவுளிக்காரர் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தனப்பிரியா கூலரின் காற்றாடியைக் கழற்றினாள். இரண்டே வாரத்தில் தகட்டு இடுக்கெல்லாம் கறுப்பாக, தட்டினால் உதிராத மாதிரி பஞ்சு இறுகிப் போயிருந்தது. காற்றாடியின் நடுக் குமிழில் விரலை வைத்து எடுத்து மூக்கில் வைத்தாள். பிறகு அதே விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். முகர்ந்து பார்க்கத் தேவையே இல்லை, நான் பிறந்ததிலிருந்து அந்த வாசத்தில்தான் வளர்ந்திருக்கிறேன். தறிக்கு விடுகிற எண்ணெய்.

"இது காத்துல பறந்து வந்த எண்ணெய் இல்லை. யாரோ கையால விட்ட எண்ணெய்," என்றாள்.

தறி ஓட்டுகிற பச்சமுத்து கை தவறி ஏதாவது சிந்தியிருப்பான் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பச்சமுத்து அந்த அறைக்குள் கால் வைத்ததே இல்லை என்பது இருவருக்கும் தெரியும். இந்த அறை யாருக்கு வேண்டும் என்று மட்டும் கேட்டாள். எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. என் அப்பாவைப் பற்றிப் பேசுகிறாய் என்று கத்தினேன். கத்தும்போதே எனக்கும் அதே சந்தேகம்தான். விடிவதற்கு முன் எழுந்து ஷெட்டில் தனியாக நடமாடுகிற ஆள் எங்கள் வீட்டில் ஒருவர்தான்.

அவள் மேஜைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தகட்டைக் கழற்றி ஸ்பிரிட்டில் நனைத்த பனியன் துணியால் இடுக்கு இடுக்காகத் துடைத்தாள். பழைய பசையைச் சுரண்டிப் புதுப் பசை வைத்தாள். காற்றாடியைப் பஞ்சு ஒட்டாத அளவுக்குத் துடைத்து மாட்டினாள். சாயங்காலம் கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கி வந்து அறைக் கதவில் தொங்கவிட்டாள். எங்கள் வீட்டில் பணம் வைக்கிற பீரோவைத் தவிர எதையும் பூட்டியதில்லை. அப்பா அந்தப் பூட்டைப் பார்த்தார், இரவுச் சாப்பாட்டில் ரசம் மட்டும் ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை நாங்கள் இருவரும் அறைக்குள் போய் உள்ளே தாழ் போட்டோம். ஒரு தூசிகூட வரக் கூடாது என்று ஜன்னலை அடைத்து, இடுக்கில் பழைய சேலையைத் திணித்தாள். கதவின் அடியிலும் ஒரு சாக்கை மடித்து வைத்தாள். மேஜை விசிறி ஒன்று மட்டும் கேபினெட்டைப் பார்த்துச் சுற்றியது. என்னைக் காவலுக்கு உட்கார வைத்திருந்தாள். எதற்குக் காவல் என்று நான் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறியும் ஓடின, எங்கள் பேச்சு எங்களுக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

பத்து மணிக்கு மைதிலி மேடம் போனில் வந்து, தொடங்கலாமா என்றார். திரையின் மூலையில் எண் தெரிந்தது. நாற்பத்தைந்தில் இருந்தது விருட்டென்று எழுபத்திரண்டுக்கு ஏறி அங்கே நின்றது. தனப்பிரியா முதுகை நாற்காலியில் சாய்த்தாள். எழுபத்திரண்டு என்றால் தொண்ணூற்றைந்துக்கு எவ்வளவோ தூரம். கடைசி ஒரு மணி நேரம் மட்டும் வேலை இன்னும் கடுமையாக இருக்கும், கவனம் என்று சொல்லிவிட்டு மேடம் போனை வைத்தார்.

பதினொன்றுக்கு எழுபத்தொன்பது. ஏறுமுகம் என்று நான் சொல்லவில்லை, அவளுக்கும் கண் இருக்கிறது. பன்னிரண்டுக்கு எண்பத்து நாலு. என் சட்டை பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்திருந்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கை வைத்தால் பொத்துப் போகும். குடிக்கக் கொண்டுவந்த பாட்டில் தண்ணீர் வெந்நீராக இருந்தது. புழுங்குகிறது, ஜன்னலைக் கொஞ்சம் திறக்கட்டுமா என்றேன். பஞ்சு வரும் என்று ஒரே வார்த்தையில் முடித்தாள். அவள் நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனி சிவந்திருந்தது. ஒரு மணிக்கு எண்பத்தொன்பது.

சுத்தம் செய்த கூலர், புதுப் பசை, ஒரு பொட்டு எண்ணெய் கிடையாது, அப்படியும் ஏன் ஏறுகிறது? அவள் கேபினெட்டுக்குள் டார்ச் அடித்தாள். காற்றாடி முழு வேகத்தில்தான் சுற்றியது. தகட்டில் பஞ்சு இல்லை. எல்லாம் சரியாக இருந்தது, எண் மட்டும் தொண்ணூறு ஆனது. அவள் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அவளைப் பார்க்கவும் பொறுக்கவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

தொண்ணூற்றிரண்டு வந்தபோது மணி இரண்டு தாண்டியிருந்தது. நாக்கு வறண்டு போய், தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து, அவள் வேண்டாம் என்பதற்குள் தாழை விலக்கிவிட்டேன். கதவு திறந்ததும் வெளிக் காற்று முகத்தில் பட்டது. சித்திரை வெயிலில் எட்டு மோட்டார் ஓடுகிற ஷெட்டின் காற்று அது, ஆனால் எங்கள் அறைக்கு அதுவே குளிர்ச்சியாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். எண் தொண்ணூற்றொன்று. அப்போதுதான் உறைத்தது. பஞ்சுக்குப் பயந்து, ஆளுக்குப் பயந்து, அறையை நாங்கள் அடுப்பாக மாற்றி வைத்திருந்தோம். கூலர் எவ்வளவு நல்லதாக இருந்தால் என்ன, அறையில் இருக்கிற காற்றைத்தானே அது பிராசஸர்மேல் தள்ள முடியும்.

அதைத் தனப்பிரியாவிடம் சொல்லத் திரும்பினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கதவுக்கு வெளியே நூல் சாக்கின் மேல் அப்பா உட்கார்ந்திருந்தார். கையில் நீள மூக்கு வைத்த எண்ணெய்க் கேன். எப்போதிருந்து அங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை.

தனப்பிரியா எழுந்து வாசலுக்கு வந்தாள். இத்தனை நாள் அடக்கி வைத்தது மொத்தமும் அவள் குரலில் இருந்தது.

"நீங்கதானே மாமா காத்தாடிக்கு எண்ணெய் விட்டது?"

"ஆமா சாமி," என்றார் அப்பா. "தெனமும் காத்தால தறிக்கு உடறப்ப இதுக்கும் ரெண்டு சொட்டு உட்டுருவேன். இன்னைக்குப் பூட்டியிருந்துச்சு. ஏன், பத்தலீங்களா?"

 அவள் வாயில் வந்தது வரக் கூடாதது. "ரூம் வேணும்னா நேரா கேட்டிருக்கலாம் மாமா. மெஷினைக் கெடுத்துத்தான் வாங்கணுமா?"

தறிச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது என்று நம்பப் பார்த்தேன். கேட்டிருந்தது. அவர் கேனைக் குனிந்து பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கெடுக்கறதா?" என்றார். "சுத்தற சாமானம் எண்ணெய் இல்லாம காஞ்சு கெடக்கலாமா சாமி? எட்டுத் தறிக்கும் உட்டுப்போட்டு இத மட்டும் எப்புடி உட்டுட்டுப் போறது. இதும் நம்மூட்டுத் தறிதானுங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவளைவிட எனக்குத்தான் அதிகம். நாற்பது வருஷமாக அந்த மனிதர் விடிவதற்கு முன் எழுந்து வீட்டில் சுற்றுகிற ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் விட்டு வருகிறார். தறி, தார்க்குச்சியில் நூல் சுற்றும் மெஷின், தையல் மெஷின், கிரைண்டர் என்று எதையும் விட்டதில்லை. அது தெரிந்த ஒரே ஆள் நான். அவர் மருமகளின் கம்ப்யூட்டரையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொண்டார். எண்ணெய் பட்ட இடத்தில் பஞ்சு பிடித்தால் தறியில் துடைத்துவிடலாம், கூலரில் அதுவே காற்றை அடைக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் ஒரு தடவை யோசித்திருந்தால் சொல்லியிருக்கலாம்.

தனப்பிரியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் திரையில் மறுபடியும் தொண்ணூற்றிரண்டு. கதவைத் திறந்ததில் இறங்கிய ஒரு டிகிரி ஷெட்டின் சூட்டிலேயே திரும்பி வந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொண்ணூற்று மூன்று.

அப்பா அவளிடம் கேட்கவில்லை, என்னிடம்தான் கேட்டார், அந்த நம்பர் எதுவரைக்கும் போகலாம் என்று. தொண்ணூற்றைந்தைத் தொட்டால் வேலை போயிற்று, இன்னும் ரெண்டு மணி நேரம் பாக்கி என்றேன். அவர் திரையைப் பார்த்தார். ஓடுகிற தறிகளைப் பார்த்தார். கேனைச் சாக்கின் மேல் வைத்துவிட்டு தறிகளுக்கு மட்டும் தனியாக இருந்த மெயின் ஸ்விட்சுக்கு நடந்து போய் அதைக் கீழே இழுத்தார்.

எட்டுத் தறியும் ஒன்றாக நின்றன. எங்கள் ஷெட்டில் கரண்ட் இருக்கும்போதே பட்டப்பகலில் அந்த அமைதியை நான் கேட்டது அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான், என் அம்மா இறந்த அன்று. பச்சமுத்து பதறிப்போய் ஓடிவந்து, சாயங்காலம் துணி போகணுமே, பாவு என்னாவது என்று கேட்டான். நிற்கட்டும், நீ போய் ஷட்டரை மேலே தள்ளு என்றார் அப்பா. அந்தத் துணி அன்றைக்குப் போகவில்லை, அடுத்த பாவு வேறு ஷெட்டுக்குத்தான் போனது. அது நடக்கும் என்று மெயினை இழுக்கும்போதே அவருக்குத் தெரியும்.

பச்சமுத்து மேற்குப் பக்கத்து ஷட்டரை முழுக்க ஏற்றினான். நான் ஜன்னல் இடுக்கிலிருந்து சேலையை உருவி எறிந்து ஜன்னலைத் திறந்தேன். தறி நின்றதும் வோல்டேஜ் ஏறி, அதுவரை சோம்பிச் சுற்றிய மேஜை விசிறி வேகம் பிடித்தது. ஷெட்டில் இருந்த இரண்டு பெரிய விசிறிகளையும் அப்பாவும் நானும் தூக்கி வந்து, சூடான காற்றை அறையிலிருந்து வெளியே தள்ளும்படி ஒன்றையும் உள்ளே இழுக்கும்படி ஒன்றையும் வைத்தோம். எப்படி வைப்பது என்று தனப்பிரியா கையைக் காட்டினாள். அப்பாவின் முகத்தை மட்டும் அவள் பார்க்கவில்லை. தொண்ணூற்றிரண்டு, தொண்ணூறு, எண்பத்தெட்டு. நான் மூச்சு விட்டேன்.

மூன்று மணிக்கு மைதிலி மேடம் சொன்ன அந்தக் கடைசி ஒரு மணி நேரம் தொடங்கியது. எண் ஒரே தாவலாகத் தொண்ணூற்றொன்றுக்கு ஏறியது. பிறகு மெல்ல மெல்லத் தொண்ணூற்றிரண்டு. அதற்கு மேல் செய்ய எங்களிடம் எதுவும் இல்லை. நிறுத்தத் தறியும் இல்லை, திறக்க ஜன்னலும் இல்லை. தனப்பிரியா திரையை முறைத்தபடி உட்கார்ந்திருந்தாள், நான் அவளுக்குப் பின்னால் நின்றேன், அப்பா வாசலுக்கு வெளியே சாக்கில் போய் உட்கார்ந்துகொண்டார். தொண்ணூற்று மூன்று.

அந்த நேரத்தில் அப்பாவின் போன் அடித்தது. தறி ஓடியிருந்தால் அவர் வெளியே தெருவுக்குப் போய்ப் பேசியிருப்பார், எங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அன்றைக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. பேசியவர் புதுத் தறி விற்கிறவர். திங்கட்கிழமை வண்டியில் ஏற்றிவிடலாமா என்று கேட்டிருக்க வேண்டும்.

"இல்லீங்க, வேண்டாமுங்க," என்றார் அப்பா. எதிர் முனையில் ஏதோ நீளமாகப் பேசினார்கள். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "தறி மேல கொறை ஒண்ணுமில்லீங்க. ரூம்பு காலியில்லீங்க. எம்பட மருமவ அதுல வேலை பாக்கறா."

வேலை கிடைக்குமா கிடைக்காதா என்று அந்த நிமிஷம் எங்கள் யாருக்கும் தெரியாது. திரையில் தொண்ணூற்று மூன்று எரிந்துகொண்டிருந்தது, முடிய இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. தனப்பிரியா மூன்று மணிக்கு அப்புறம் முதல் தடவையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். வாய்விட்டு அழவில்லை, கண்ணீர் மட்டும் கீபோர்டில் விழுந்தது. நான் என் துண்டை நீட்டினேன். அவள் முதலில் கீபோர்டைத் துடைத்தாள், பிறகு முகத்தை.

எண் ஒரே ஒரு தடவை தொண்ணூற்று நாலைத் தொட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது தொண்ணூற்று மூன்று. அங்கேயே நின்றது, அப்புறம் தொண்ணூற்றிரண்டு, புரோகிராம் தானாகவே மூடிக்கொண்டது, மணி நாலு. அடுத்த நிமிஷமே மைதிலி மேடம் கூப்பிட்டார். உச்சம் தொண்ணூற்று நாலு, தேறிவிட்டீர்கள், கயிறு மேல் நடந்த மாதிரி இருந்தது, புதன்கிழமை வேலையில் சேர்ந்துவிடுங்கள் என்றார். தனப்பிரியா நன்றி மேடம் என்று சொல்லி வைத்துவிட்டாள். என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நான் கொஞ்சம் எதிர்பார்த்தேன். அவள் என்னைத் தாண்டி வெளியே போனாள்.

அப்பா எழுந்து நின்றார். தேறிவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தே அவர் புரிந்துகொண்டார். நான் பேசினதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். அவர் காது கேளாதவர் மாதிரி ஷட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மாமா, தறியை ஓட்டச் சொல்லுங்க," என்றாள். "டெம்போ வர்ற நேரம். முடிஞ்ச வரைக்கும் ஏத்தலாம்."

பச்சமுத்து அதற்காகவே காத்திருந்தவன் போல மெயினுக்குப் போனான். அப்பா அவனைக் கையால் தடுத்தார். அறைக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே காற்றாடி இன்னும் வேகம் குறையாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"இருக்கட்டும் சாமி," என்றார். "மொதல்ல அது ஆறட்டும்."